மரம் விலகினால் கை எங்கே போகும்?

மரப்பட்டறையில் விரலை இழந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள், கிட்டத்தட்ட எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: "எப்படி ஆச்சுன்னே தெரியல, கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள முடிஞ்சு போச்சு." அது அப்படியே உண்மை. டேபிள் சாவில், அதாவது மேஜை நடுவில் வட்டப் பிளேடு நீட்டி நிற்கும் ரம்ப மிஷினில், மாட்டியிருக்கும் பத்து அங்குல பிளேடு நிமிடத்துக்கு ஏறத்தாழ 4000 சுற்று சுற்றுகிறது. ஏதோ தப்பாகப் போகிறது என்று கண்ணில் பட்டு, அது மூளைக்கு எட்டி, கை பின்னால் வர 0.2 விநாடியாவது வேண்டும். அதற்குள் பிளேடு 13 சுற்று முடித்துவிடும். 40 பல் பிளேடு என்றால் 500க்கு மேற்பட்ட பற்கள் அந்த இடத்தைக் கடந்து போயிருக்கும். அதனால் "கவனமா இருப்பா" என்று மட்டும் சொல்லி ஒரு புதுப் பையனை மிஷின் முன்னால் நிறுத்துவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடிவதில்லை. கவனம் வேண்டும்தான். ஆனால் விபத்து தொடங்கிய பிறகு கவனம் எதையும் காப்பாற்றாது, செய்ய வேண்டியதெல்லாம் ஸ்விட்ச் போடுவதற்கு முன்னாலேயே செய்து முடித்திருக்க வேண்டும்.

பல வருஷம் பட்டறையில் இருந்து, கூட வேலை பார்த்தவர்கள் அடிபட்டதைப் பக்கத்தில் நின்று பார்த்த பிறகு, ஒவ்வொரு வெட்டுக்கும் முன்னால் நான் கேட்டுக்கொள்வது ஒரே ஒரு கேள்வி: இந்த நொடியில் என் கைக்குக் கீழே இருக்கும் மரம் காணாமல் போனால், கை எங்கே போய் நிற்கும்? நாம் மரத்தைத் தள்ளிக்கொண்டிருப்பதாக நினைக்கிறோம். நம் கையின் பலம் முழுக்க பிளேடின் பக்கம்தான் போய்க்கொண்டிருக்கிறது, இடையில் மரம் இருப்பதால் கை பிழைத்துக்கொண்டிருக்கிறது. மரம் உடையலாம், கணுவில் வழுக்கலாம், எகிறிப் போகலாம், வெட்டு முடிந்து சட்டென்று லேசாகிவிடலாம். அந்த நேரத்தில் கை போகும் பாதையில் பல் இருக்கக் கூடாது. எந்த மிஷினுக்கு முன்னால் நின்றாலும் இந்தக் கேள்வியைப் போட்டுப் பார்த்தால் எங்கே ஆபத்து என்று தானாகவே தெரிந்துவிடும்.

என் கண் முன்னால் நடந்ததைச் சொல்கிறேன். எங்களோடு வேலை பார்த்த ஒரு அண்ணன், வேலையில் எங்கள் எல்லோரையும்விடக் கெட்டி. காலையில் பலகையில் காடி, அதாவது நீளப் பள்ளம், எடுக்க வேண்டியிருந்ததால் பிளேடுக்குப் பின்னால் இருக்கும் ரிவிங் நைஃபையும் மேலே மூடும் கார்டையும் கழற்றி வைத்திருந்தார்கள். காடி வேலை முடிந்து, அதே மிஷினில் ரீப்பர் கிழிக்கும் வேலை தொடங்கியது. கழற்றியது கழற்றிய இடத்திலேயே இருந்தது. சாயங்காலம், கடைசிப் பலகைகள். உள்ளுக்குள் முறுக்கு இருந்த பலகை ஒன்று, பாதி கிழிந்ததும் பிளந்த வாய் பின்னால் மூடிக்கொண்டு பிளேடைக் கவ்விவிட்டது. பட்டென்று ஒரு சத்தம், பலகை பின்னால் இருந்த சுவரில் மோதிக் கிடக்கிறது. அவருடைய இடது கை பிளேடுக்குப் பக்கத்தில் பலகையை அழுத்திப் பிடித்திருந்தது. பலகை போனதும் கை அப்படியே இறங்கியது. வலி என்று அவர் கத்தவே இல்லை. "கையில ஏதோ தட்டுச்சுடா" என்று சொல்லிக்கொண்டே கையைத் தூக்கிப் பார்த்தார். நடுவிரலில் மேல் கணு இல்லை. ஆள்காட்டி விரல் உள்பக்கமாகக் கிழிந்து தொங்கியது.

அன்றைக்கு நடந்ததற்குப் பெயர் கிக்பேக். பிளேடின் முன்பக்கப் பற்கள் மரத்தைக் கீழே மேஜையை நோக்கி அழுத்தும், பின்பக்கப் பற்கள் மேலே ஏறி வரும். கிழிந்த மரம் பின்பக்கப் பற்களில் இடித்தாலோ, மரத்துக்குப் பக்கவாட்டில் வழிகாட்டும் ஃபென்ஸுக்கும் பிளேடுக்கும் நடுவில் கோணலாகச் சிக்கினாலோ, ஏறி வரும் பல் அதைத் தூக்கி நம் பக்கமே எறியும். பல் நுனி ஓடும் வேகம் மணிக்கு 190 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது, ஆகவே தடுக்கவெல்லாம் நேரம் கிடையாது. நெஞ்சிலும் வயிற்றிலும் அடிப்பது ஒரு பக்கம். கையை இழப்பது பெரும்பாலும் அதே வேகத்தில் மரம் விலகி, அழுத்திக்கொண்டிருந்த கை வெறும் பிளேடின் மேல் விழுவதால்தான்.

ரிவிங் நைஃப் என்பது பிளேடுக்குப் பின்னால் ஒட்டி நிற்கும் ஒரு தகடு. பிளேடு ஏறினால் அதுவும் ஏறும், இறங்கினால் இறங்கும். கிழிந்த வாய் மூடாமலும், மரம் பின்பக்கப் பல்லை நோக்கிச் சாயாமலும் அது பார்த்துக்கொள்கிறது. அதன் தடிமன் பிளேடு உடம்பைவிடச் சற்று அதிகமாகவும் பல் வெட்டும் அகலத்தைவிடச் சற்றுக் குறைவாகவும் இருக்க வேண்டும், பிளேடு மாற்றினால் இதையும் சரிபார்க்க வேண்டும். பிளேடு உயரத்தைவிடத் தாழ்வாகவே இருப்பதால் காடி எடுக்கும்போதுகூட நிறைய மிஷின்களில் இதைக் கழற்றத் தேவையே இல்லை. மேல் கார்டை மட்டும் கழற்றினால் போதும். இது தெரியாமல் இரண்டையும் சேர்த்துக் கழற்றி, மூலையில் போட்டு, தூசி படிந்து கிடக்கும் பட்டறைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். எங்களிடம் இப்போது ஒரு பழக்கம்: கழற்றிய கார்டு மிஷின் ஸ்விட்ச் மேலேயே தொங்கும். அதைக் கையில் எடுக்காமல் அடுத்தவர் ஸ்விட்சைத் தொட முடியாது.

டேபிள் சாவைப் பற்றி இன்னும் கொஞ்சம், ஏனென்றால் பட்டறையில் விரல்களை அதிகம் வாங்கியது அதுதான். பிளேடைப் பலகைக்கு மேலே சில மில்லிமீட்டர் தெரிகிற அளவுக்கு மட்டும் உயர்த்துங்கள், கை விழுந்தாலும் காயத்தின் ஆழம் அந்த அளவில் நிற்க வாய்ப்பு இருக்கிறது. ஃபென்ஸ் பிளேடுக்குச் சரியாக இணையாக இருக்கிறதா என்று அடிக்கடி அளந்து பாருங்கள், பின்பக்கம் துளி நெருங்கியிருந்தாலும் மரத்தை அது பிளேடின் மேல் தள்ளிக்கொண்டே இருக்கும். ஃபென்ஸும் இல்லாமல், குறுக்கே அறுக்கும் வழிகாட்டியும் இல்லாமல் வெறும் கையில் பலகையைத் தள்ளவே கூடாது. இரண்டையும் ஒன்றாகப் பயன்படுத்திக் குறுக்கே அறுப்பதும் அதே அளவு ஆபத்து, துண்டான கட்டை பிளேடுக்கும் ஃபென்ஸுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு எகிறும். நிற்கும்போது பிளேடின் நேர்கோட்டில் நிற்காமல் ஒதுங்கி நில்லுங்கள். இடது கை பிளேடைத் தாண்டி மறுபக்கம் போகவே கூடாது, வெட்டு முடிந்த மரத்தை அந்தப் பக்கமிருந்து இழுப்பதுதான் மிக மோசமான பழக்கம், மரம் திரும்பி வந்தால் கையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வரும்.

மரத்தைத் தள்ளும் மெல்லிய குச்சி, புஷ் ஸ்டிக், ஒன்றை வைத்துக்கொண்டு "நான் பாதுகாப்பாத்தான் செய்றேன்" என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அது மரத்தின் பின் முனையில் ஒரே புள்ளியில் மட்டும் தள்ளுகிறது, முன் பாகத்தை அழுத்திப் பிடிக்க எதுவும் இல்லை. நான் நம்புவது புஷ் பிளாக்கை: மரத்தின் மேல் நீளமாகப் படுத்து, பின்னால் ஒரு குதிகால் மரத்தைத் தள்ளும்படி இருக்கும் கட்டை. மேலிருந்து அழுத்துகிறது, முன்னாலும் தள்ளுகிறது. ஒட்டுத் துண்டில் நாமே செய்துகொள்ளலாம், பிளேடு அதையும் கொஞ்சம் வெட்டிவிட்டுப் போகட்டும், தேய்ந்தால் இன்னொன்று செய்துகொள்வோம். ஃபென்ஸுக்கும் பிளேடுக்கும் நடுவில் ஒரு கை அகலத்துக்குக் குறைவாக இடம் இருந்தால் கை அதற்குள் போகவே கூடாது, புஷ் பிளாக்தான்.

அப்புறம் ஸ்விட்சை அணைத்த பிறகு நடக்கும் விபத்து. மோட்டார் சத்தம் அடங்கியதும் மனசு வேலை முடிந்துவிட்டது என்று சொல்லிவிடும், பிளேடு மட்டும் இன்னும் பல விநாடி சுற்றிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில்தான் பிளேடு பக்கத்தில் கிடக்கும் சின்னத் துண்டைக் கை தட்டிவிடப் போகும். விரலை வெட்ட அந்த மிச்ச வேகமே தாராளம். பிளேடு முழுசாக நின்று, பல் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குத் தெரிகிற வரைக்கும் கை இடுப்பிலேயே இருக்கட்டும். பிளேடு மாற்றும்போது பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அந்தப் பிளக்கைக் கண்ணில் படும்படி மேஜைமேல் வையுங்கள்.

தோல் பட்டதும் பிளேடை நிறுத்தும் மிஷின்கள் இருக்கின்றன. சாஸ்டாப் நிறுவனம் 2004 முதல் விற்கிறது. பிளேடில் ஒரு சின்ன மின் சமிக்ஞை ஓடிக்கொண்டிருக்கும், உடம்பு மின்சாரத்தைக் கடத்துவதால் விரல் பட்டதும் சமிக்ஞை மாறும், உடனே ஒரு அலுமினியக் கட்டை பிளேடுக்குள் பாய்ந்து சுமார் 5 மில்லி விநாடியில் அதை நிறுத்திவிடும். ஒரு தடவை வேலை செய்தால் அந்த பிரேக் கார்ட்ரிட்ஜை மாற்ற வேண்டும், பிளேடும் பெரும்பாலும் போய்விடும், ஈரமான மரத்திலோ ஆணியிலோ தவறுதலாகவும் வேலை செய்யக்கூடும். வாங்க முடிகிறவர்கள் யோசிக்காமல் வாங்கலாம் என்பதுதான் என் கருத்து. ஆனால் அது கிக்பேக்கைத் தடுக்காது, ரிவிங் நைஃபும் புஷ் பிளாக்கும் அங்கேயும் தேவை.

ஜாயின்டர், அதாவது பலகையின் முகத்தை இழைத்து நேராக்கும் மிஷின், என்னைப் பொறுத்தவரை டேபிள் சாவைவிடப் பயப்பட வேண்டியது. சத்தமும் சீராக இருக்கும், கத்தியும் மரத்துக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாமல் சுற்றும். டேபிள் சா வெட்டினால் விரலைத் திரும்ப ஒட்ட ஏதோ ஒரு வாய்ப்பு இருக்கும். ஜாயின்டர் கத்தி சதையையும் எலும்பையும் சீவித் தூளாக்கிவிடும், மருத்துவர் கையில் கொடுக்கத் துண்டே மிஞ்சாது. குட்டைக் கட்டைதான் இங்கே எமன். 300 மில்லிமீட்டருக்குக் குறைவான எதையும் நான் ஜாயின்டரில் விடுவதில்லை, அதன் முனை கத்திக்கு முன்னால் இருக்கும் இடைவெளியில் சரிந்து, கட்டை துள்ளி, கை நேராகக் கத்தியில் இறங்கும். நீளமாகவே இழைத்துவிட்டுப் பிறகு துண்டு போடுங்கள், அல்லது கை இழைப்புளியை எடுங்கள். இரண்டு கையிலும் அடியில் ரப்பர் ஒட்டிய புஷ் பிளாக், விரல்கள் மேலே, பலகையின் பின் விளிம்பில் விரலைக் கொக்கிபோல் மாட்டித் தள்ளுவது கூடவே கூடாது.

ரவுட்டரில், அதாவது பிட் என்ற சுற்றும் வெட்டுமுனையால் விளிம்பையும் காடியையும் செதுக்கும் மிஷினில், எல்லாமே திசை. பிட் நிமிடத்துக்கு 20,000 சுற்றுக்கு மேல் ஓடக்கூடியது. அது சுற்றும் திசைக்கு எதிராகத்தான் மரம் போக வேண்டும், ரவுட்டர் மேஜையில் வலமிருந்து இடம். மாற்றித் தள்ளினால் பிட் மரத்தைக் கவ்விக்கொண்டு ஓடும், பிடித்திருந்த கை பின்னாலேயே பிட்டுக்குள் போகும். பெரிய பிட்டுக்கு வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். சின்னத் துண்டில் வேலைப்பாடு வேண்டுமென்றால் பெரிய பலகையின் விளிம்பில் செய்துவிட்டு, கடைசியில் அந்தத் துண்டை அறுத்து எடுங்கள்.

பேண்ட் சாவில், அதாவது பட்டைப் பிளேடு வளையமாக ஓடும் மிஷினில், கிக்பேக் கிடையாது, பிளேடு மரத்தைக் கீழே மேஜையை நோக்கித்தான் இழுக்கிறது. அந்த நிம்மதியிலேயே பெருவிரல் போகிறது. வெட்டு முடியும் இடத்தில் எதிர்ப்பு திடீரென்று இல்லாமல் போகும், பின்னாலிருந்து தள்ளிய பெருவிரல் நேராகப் பிளேடில் போய் நிற்கும். கடைசி விரற்கடையை ஒரு குச்சியால் தள்ளினால் முடிந்தது. உருண்டைக் கட்டையைத் தாங்கு கட்டை இல்லாமல் அறுக்காதீர்கள், அது உருண்டு கையை உள்ளே இழுக்கும்.

ஆங்கிள் கிரைண்டரில் மரம் அறுக்கும் பல் பிளேடை மாட்டுவது பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டும்: செய்யாதீர்கள். நான்கு அங்குல கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்று வரைக்கும் ஓடும், அந்த வேகத்துக்குச் செய்யப்படாத பிளேடை மாட்டுகிறார்கள், பிளேடு பொருந்தவில்லை என்று கார்டைக் கழற்றுகிறார்கள், ஒற்றைக் கையில் பிடித்து மறு கையில் மரத்தைப் பிடிக்கிறார்கள். தேய்க்கும் தட்டு மரத்தில் உரசும், பல் பிளேடோ கடிக்கும். கடித்த நொடியில் கிரைண்டரே துள்ளும். மரத்தைப் பிடித்திருந்த மறு கையின் மணிக்கட்டு பக்கத்திலேயே இருக்கும். அந்த வேலைக்குக் கையில் பிடிக்கும் சர்க்குலர் சா இருக்கிறது, அதன் கீழ்க் கார்டு தானாக மூடிக்கொள்ளும். அதில் ஆப்பு செருகித் திறந்தே வைக்காதீர்கள்.

கையுறை போட்டால் பாதுகாப்பு என்று புதிதாக வருகிறவர்கள் நினைக்கிறார்கள். கரடுமுரடான பலகையைத் தூக்க, சிலாம்பு குத்தாமல் இருக்க, சரி. சுற்றுகிற எதன் பக்கத்திலும் வேண்டாம். வெறும் விரல் பல்லில் பட்டால் வெட்டுப்படும், கையுறை பட்டால் துணி சிக்கி முழுக் கையையும் உள்ளே இழுக்கும். டிரில் பிரஸ்ஸிலும் இதே கதைதான். மோதிரம், வாட்ச், கையில் கட்டிய கயிறு, தொங்கும் சட்டைக் கை எல்லாம் அப்படியே.

சரி, ஆகிவிட்டது என்றால் என்ன செய்வது. அந்த அண்ணனுக்கு அன்றைக்குச் செய்ததில் சரியாக நடந்தது சில, நேரத்தை வீணாக்கியது சில. முதலில் சுத்தமான துணியை வைத்து நேரடியாக அழுத்தி, கையை நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடித்தோம். விரல் காயத்துக்குப் பெரும்பாலும் இந்த அழுத்தமே போதும், எட்டி எட்டிப் பார்க்காமல் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். எந்தப் பொடியும், மருந்தும், பசையும் காயத்தில் போடக் கூடாது, அதைக் கழுவி எடுப்பது மருத்துவருக்கு இன்னொரு வேலை. மோதிரம் இருந்தால் அந்த நிமிடமே கழற்றுங்கள், கொஞ்ச நேரத்தில் கை வீங்கிவிடும், அப்புறம் வெட்டித்தான் எடுக்க வேண்டும். அறுவை சிகிச்சை இருக்கலாம் என்பதால் குடிக்கவோ சாப்பிடவோ எதுவும் கொடுக்காதீர்கள்.

விழுந்த துண்டை மரத்தூளுக்குள் ஒருவர் தேடி எடுத்தார். அதை நேராக ஐஸில் போடப் போனார், நல்லவேளை ஒருவர் தடுத்தார். ஐஸ் நேராகப் பட்டால் திசு உறைந்து செத்துவிடும், தண்ணீரில் ஊறப்போட்டாலும் கெட்டுவிடும். செய்ய வேண்டியது இதுதான்: சலைன் அல்லது சுத்தமான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியில் துண்டைச் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக மூடி, அந்தப் பையை ஐஸும் தண்ணீரும் கலந்த பாத்திரத்துக்குள் வைப்பது. விரலில் தசை இல்லாததால் குளிரில் சரியாக வைத்த விரல் பல மணி நேரம் தாங்கும், வெறுமனே வைத்தால் அந்த நேரம் வெகுவாகக் குறையும். எவ்வளவு சின்னத் துண்டாக இருந்தாலும் கொண்டுபோங்கள், ஒட்ட முடியாவிட்டாலும் அதிலிருந்து தோல் எடுத்துப் பயன்படுத்த வாய்ப்புண்டு. முழுசாக அறுந்துபோன பெருவிரலை முதன்முதலில் வெற்றிகரமாக ஒட்டியது 1965ல், ஜப்பானில், கோமாட்சு, தமாய் என்ற இரு மருத்துவர்கள். அதிலிருந்து இந்தத் துறை எவ்வளவோ வளர்ந்திருக்கிறது, ஆனால் எல்லா மருத்துவமனையிலும் நுண் அறுவை சிகிச்சை கிடையாது. நாங்கள் பக்கத்தில் இருந்த இடத்துக்குத்தான் ஓடினோம். கட்டுப்போட்டு, டெட்டனஸ் ஊசி போட்டு, கை அறுவை சிகிச்சை இருக்கிற வேறு மருத்துவமனைக்கு அனுப்பினார்கள், நேரம் அங்கேயே கரைந்தது. உங்கள் பட்டறையிலிருந்து அப்படிப்பட்ட மருத்துவமனை எது, இரவிலும் ஆள் இருப்பார்களா என்று இப்போதே விசாரித்து, எண்ணைச் சுவரில் எழுதி வையுங்கள். ரத்தம் சொட்டும்போது போனில் தேட யாருக்கும் கை வராது.

அவருடைய நடுவிரல் துண்டை ஒட்ட முடியவில்லை. கத்தியால் வெட்டியதுபோல ரம்பம் வெட்டாது, பிளேடு அகலத்துக்கு எலும்பும் ரத்தக் குழாயும் தூளாகிப் போயிருக்கும், சேர்த்துத் தைக்க மிச்சமிருப்பது குறைவு. ஆள்காட்டி விரலில் மடக்கும் தசைநாணையும் நரம்பையும் தைத்தார்கள். அங்கிருந்துதான் நிஜமான போராட்டம். தசைநாண் ஒட்டுவதற்கு ஆறு வாரம் அளவுக்கு விரலைத் தாங்கும் கட்டான ஸ்பிளின்ட், அதற்குள்ளேயே பிசியோதெரபிஸ்ட் சொன்ன அளவுக்கு மட்டும் விரலை அசைக்க வேண்டும். அதிகம் அசைத்தால் தையல் அறுந்துவிடும், அசைக்காமலே விட்டால் தசைநாண் சுற்றியுள்ள சதையோடு ஒட்டிக்கொண்டு விரல் மடங்காமல் போய்விடும். கனமான வேலைக்கு மூன்று மாதமாவது ஆகும். வெட்டுப்பட்ட நரம்பு ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் போலத்தான் வளரும், அதனால் விரல் நுனியில் உணர்வு வர மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. வந்த உணர்வும் முதலில் ஷாக் அடிப்பதுபோலத்தான் வந்தது, சட்டைத் துணி பட்டாலே துடித்தார். பஞ்சால் தேய்த்து, பிறகு துண்டால், பிறகு சொரசொரப்பான துணியால் என்று தினமும் தேய்த்துப் பழக்கச் சொன்னார்கள், அதை விடாமல் செய்தார். வலிக்கிறது என்று பிசியோவை நடுவில் நிறுத்திய இன்னொருவரை எனக்குத் தெரியும், அவருக்கு விரல் இருக்கிறது, உளி பிடிக்க முடியாது.

தூக்கம் கெட்டது பற்றி அவர் ரொம்ப நாள் கழித்துத்தான் பேசினார். மிஷின் சத்தம் கேட்டால் வேர்க்கும், படுத்தால் அந்தச் சத்தம் திரும்பக் கேட்கும் என்றார். கையில் அடிபட்டவர்களுக்கு இது மிகச் சாதாரணமாக வருவது. மருத்துவரிடம் காயத்தைக் காட்டும்போதே இதையும் சொல்லிவிட வேண்டும். "தைரியமா இரு" என்று தோளில் தட்டுவதால் அது போகாது.

இப்போது அவர் மறுபடி மரவேலைதான் செய்கிறார். நுனியில் உணர்வு முழுசாகத் திரும்பாததால் கை மரத்தை எவ்வளவு அழுத்துகிறது, எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று விரலை வைத்து அவரால் கணிக்க முடிவதில்லை. அதனால் அகலமான பலகைக்கும்கூடப் புஷ் பிளாக் இல்லாமல் மிஷினைத் தொடமாட்டார். உளிகளின் பிடியில் துணி சுற்றித் தடிமனாக்கியிருக்கிறார், பாதி மடங்கும் விரலுக்கு அதுதான் பிடிபடுகிறது. குளிர் காலத்தில் விரல் நுனி விறைத்து வலிக்கும், மரத்தைத் தேய்த்து வழவழப்பாக்கும் சாண்டரின் அதிர்வு அதை இன்னும் மோசமாக்கும். அதனால் அந்த நாட்களில் சாண்டிங் வேலையை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம், அளவெடுப்பதும் ஜோடிப்பதும் அவருடையது.